உயிர் காக்கப் போகிறவருக்குப் பொறுப்புக் காப்புறுதி தேவையா?

காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஒரு பின்னேரம், அடம்பன் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். 2008 இல் வயலையும் வீட்டையும் விட்டுப் புறப்பட்டு, வன்னியில் ஊரூராக நகர்ந்து, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வந்து நின்ற குடும்பம் அது. மகள் உயர்தரம் வரை படித்து, அவசர சிகிச்சைப் பயிற்சியும் பெற்று, நோயாளர் காவு வண்டியில் வேலைக்குச் சேர இருந்தார். அந்த நேரத்தில் ஒரு காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்து, "வண்டியில் நோயாளி இறந்துபோனால் உங்கள் பிள்ளை மேல் வழக்கு வரும், காணியும் போய்விடும், தனிப்பட்ட பொறுப்புக் காப்புறுதி ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தகப்பனாருக்குக் காணியைப் பற்றிய பயம். மகளின் பயம் வேறு. "பாதர், மூச்சு நின்ற ஆளின்ரை நெஞ்சிலை கை வைச்சு அமத்தேக்கை விலா எலும்பு முறியலாம் எண்டு பயிற்சியிலையே சொன்னவை. முறிஞ்சா நானோ குற்றவாளி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நாம் சிறிதாக எண்ணிவிட முடியாது. தலைமன்னாரில் இருந்து மன்னார் நகர வைத்தியசாலைக்கு 25 கிலோமீற்றருக்கு மேல். முள்ளிக்குளத்தில் இருந்து அதைவிடத் தூரம். பெரிய சிகிச்சை வேண்டுமானால் வவுனியாவுக்கு இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். இதயம் நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். அப்படியான வேளையில் வண்டிக்குள் இருப்பவரின் கை வழக்குக்குப் பயந்து தயங்குமானால், இழப்பு எமது வீடுகளுக்கே. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது, காப்புறுதி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை எமக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்குகிறோம்.

வேலை தேடும் எமது பிள்ளைகள் பலருக்கு இது சொந்த விடயம். 1990 'சுவசெரிய' சேவை 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஆரம்பித்தது. 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு வந்தது. அதே ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கென ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. கட்டணம் இல்லாத அந்தச் சேவையில் ஒரு சாரதியும் ஓர் அவசர சிகிச்சை ஊழியரும் ஒவ்வொரு வண்டியிலும் போகிறார்கள். இதைவிட அரச வைத்தியசாலை வண்டிகள், தனியார் வண்டிகள், சங்கங்களின் வாகனங்கள், தொண்டர்கள் என்று பலர் இருக்கிறார்கள்.

எந்தக் காப்புறுதியைப் பற்றிப் பேசுகிறோம்?

காப்புறுதி என்றதும் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவருக்கு நினைவு வருவது பயிர்க் காப்புறுதி. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதற்கென ஒரு சபையே உண்டாயிற்று. வெள்ளம் வந்தாலும், குளம் வற்றினாலும் எமது நட்டத்துக்கு எமக்கே பணம் தருவது அது. அரச ஊழியருக்கு 'அக்ரஹார' உண்டு. அது ஊழியரினதும் குடும்பத்தினதும் வைத்தியச் செலவுக்கானது. வேலையில் ஊழியரே காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

பொறுப்புக் காப்புறுதி இவை ஒன்றுமல்ல. எமது கவனயீனத்தால் இன்னொருவருக்குத் தீங்கு நேர்ந்தது என்று அவர் எம்மிடம் நட்டஈடு கேட்டால், அந்தப் பணத்தையும் வழக்குச் செலவையும் கம்பனி ஏற்பதுதான் இது. இதை எடுத்தவர் தாம் விபத்தில் காயப்பட்டால் இதிலிருந்து ஒரு சதமும் வராது. 'அக்ரஹார இருக்கிறதே, அது போதும்' என்று சொன்ன சிற்றூழியர் ஒருவரையும் நாம் கண்டிருக்கிறோம். அவர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்.

நோயாளி இறந்தாலே குற்றமா?

இல்லை. எமது நாட்டில் இந்த விடயத்தில் நடப்பது உரோம டச்சுச் சட்டம். வழக்குப் போடுகிறவர் மூன்றை நிறுவ வேண்டும். ஊழியருக்கு அந்த நோயாளி மீது கவனம் செலுத்தும் கடமை இருந்தது. அதே பயிற்சி பெற்ற நியாயமான ஒருவர் அந்த நிலையில் செய்யக்கூடியதை அவர் செய்யவில்லை. அதனாலேயே தீங்கு வந்தது. மூன்றாவதுதான் பெரும்பாலும் இடறும் கல்.

பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கு இந்த நாட்டு வைத்திய உலகம் முழுவதும் அறிந்தது. 1992 இல் மூளைத் தண்டில் வளர்ந்த கட்டியால் ஒரு சிறுமி இறந்தாள். நோயைச் சரியாகக் கண்டறியவில்லை என்று தகப்பனார் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. மேன்முறையீடுகளுக்குப் பின் 2001 இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்தக் கட்டி எப்படியும் குணப்படுத்த முடியாதது, ஆகவே வைத்தியரின் தவறால்தான் மரணம் நேர்ந்தது என்று நிறுவப்படவில்லை என்பது ஒரு காரணம். பெற்றோரின் மனத்துயருக்கு எமது சட்டத்தில் பணம் இல்லை என்பது இன்னொன்று. பிள்ளையை இழந்த தாய் தகப்பனுக்கு இது எவ்வளவு கசப்பான செய்தி என்பதை நாம் உணர்கிறோம். சட்டம் அப்படி இருக்கிறது.

இந்த வழக்கை ஊழியரின் பக்கத்தில் நின்று பாருங்கள். முடிவில் வென்றார். ஆனால் சிறுமியின் மரணத்தில் இருந்து இறுதித் தீர்ப்பு வரை ஒன்பது ஆண்டுகள் போயின. ஒரு பேராசிரியருக்குச் சட்டத்தரணி வைக்க வசதி இருந்திருக்கலாம். மாதச் சம்பளத்தில் வாழும் வண்டி ஊழியருக்கு? பொறுப்புக் காப்புறுதியின் பெரிய பயன் நட்டஈட்டைவிட வழக்காடும் செலவை ஏற்பதே என்பது எமது எண்ணம். முகவர்கள் இதைச் சொல்வதில்லை. காணி போய்விடும் என்று பயமுறுத்துவது இலகு.

விலா எலும்புக்கு வருவோம். முறைப்படி அழுத்தியும் எலும்பு முறிவது அந்தச் சிகிச்சையோடு வரக்கூடியது. அது கவனயீனம் ஆகாது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும், சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலைக் குற்றம் என்று கொள்வதில்லை. பயப்பட வேண்டியது தெரியாத வேலையில் கை வைப்பதற்குத்தான். செமினரி நாட்களில் நாம் நெட்டுருப்பண்ணிய இலத்தீனில் ஒரு பழைய சட்ட வாக்கு உண்டு: 'இம்பெரிட்டியா குல்பே அட்னுமெராத்துர்'. திறனின்மையும் தவறாகவே எண்ணப்படும் என்பது பொருள். பயிற்சியில் சொல்லித்தராத ஊசியைப் போட்டுவிட்டு 'நல்ல எண்ணத்தோடு செய்தேன்' என்று நின்றால் நீதிமன்றம் இந்த வாக்கையே நினைக்கும்.

மிக மோசமான கவனயீனத்தால் மரணம் நேர்ந்தால் அதே சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அதை எந்தக் கம்பனியும் வந்து அனுபவிக்காது. அபராதத்தையும் கட்டாது. சில பத்திரங்கள் சட்டத்தரணிக் கட்டணத்தை மட்டும் ஏற்கும்.

பணம் கட்டுவது யார்?

ஊழியர் வேலை நேரத்தில், வேலையின் பகுதியாகச் செய்த தவறுக்கு அவரை அனுப்பிய நிறுவனமும் பொறுப்பு. அரசும் இதற்கு விலக்கல்ல. 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம், அரச ஊழியரின் தவறுக்காக அரசின் மீது வழக்குப் போட வழி திறந்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் பெரும்பாலும் நிறுவனத்தையே தேடிப் போகும், பணம் அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். இலண்டனில் ஒரு பெண்ணுக்கு ஆஸ்துமா முற்றியது. வைத்தியர் அழைத்தும் வண்டி வர ஏறத்தாழ 40 நிமிடங்கள் எடுத்தது. அதற்குள் மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்டது. வருகிறோம் என்று ஏற்றுக்கொண்ட பின் காரணமின்றித் தாமதித்த சேவையே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணத்தைத் தேடி எவரும் தனி ஊழியரின் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அந்த வழக்கில் வண்டி வந்த நேரம் பற்றிய பதிவு உண்மைக்கு மாறாக எழுதப்பட்டிருந்ததை நீதிபதி கண்டுகொண்டார். பிந்தி வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், மாற்றி எழுதிய நேரத்துக்கு என்ன சொல்வது?

ஆகவே, வேலைக்குச் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி முகவரிடம் அல்ல, வேலை தருபவரிடம். 'பணியில் நடந்ததற்காக என் மீது வழக்கு வந்தால் சட்டத்தரணியை யார் வைப்பது? நட்டஈட்டை யார் கட்டுவது? கட்டியபின் என் சம்பளத்தில் அறவிடுவீர்களா?' என்று எழுத்தில் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அரசுக்கு வந்த நட்டத்தைப் பொறுப்பான ஊழியரிடம் அறவிட நிதிப் பிரமாணங்கள் இடமளிக்கின்றன. சட்டத்தால் அமைந்த மன்றம், சபை என்றால் அந்தச் சட்டத்தின் பிரதியை எடுத்து, நல்லெண்ணத்தோடு பணி செய்தவருக்குப் பாதுகாப்பு என்ற பிரிவு அதில் உண்டா, எவருக்கெல்லாம் பொருந்துகிறது என்று வாசிக்க வேண்டும். தனியார் வண்டிக் கம்பனி என்றால் அதன் காப்புறுதிப் பத்திரத்தையே காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்ட இளைஞர் ஒருவரிடம் "எல்லாம் இருக்கு தம்பி, போய் வேலையைப் பாரும்" என்று சொல்லப்பட்டது. அவர் கடைசி வரை அந்தப் பத்திரத்தைக் காணவில்லை.

காணி போகுமா?

தகப்பனாரின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வயது வந்த பிள்ளை வேலையில் விட்ட தவறுக்குத் தகப்பனின் காணி பொறுப்பாகாது. மேலும் அவருடையது அரச அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணியை எந்த நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகவும் கைப்பற்றி விற்க முடியாது. குடியேற்றத் திட்டங்களில் இருக்கும் எமது வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம், வேறு கடன்காரர் பயமுறுத்தும்போதும் உதவும்.

ஆனால் மகளின் சொந்தப் பெயரில் உறுதி எழுதிய காணி இருந்தால், உதாரணமாகச் சீதனமாக எழுதிக்கொடுத்தது, அது அவரது ஆதனம். அவர் மீது தீர்ப்பு வந்தால் அதைத் தொடலாம். அப்படி ஆதனம் உள்ளவருக்கும், பின்னால் நிறுவனம் இல்லாதவருக்கும் தனிப்பட்ட காப்புறுதியில் பொருள் இருக்கிறது.

பத்திரத்தின் சிறிய எழுத்துகள்

பொறுப்புக் காப்புறுதியில் பலரும் ஏமாறும் இடம் காலம். பயிர்க் காப்புறுதியில் அந்தப் போகத்துக்குக் கட்டினால் அந்தப் போகத்து நட்டத்துக்குப் பதில் கிடைக்கும். தொழிற் பொறுப்புக் காப்புறுதிகள் பலவற்றில் அப்படி இல்லை. சம்பவம் நடந்த நாளில் கட்டியிருந்தால் போதாது. நட்டஈடு கேட்டுக் கடிதம் வரும் நாளிலும் பத்திரம் உயிரோடு இருக்க வேண்டும். இப்படியான வழக்கைத் தொடுக்க எமது சட்டம் இரண்டு ஆண்டுகள் தருகிறது. பாதிக்கப்பட்டவர் சிறு பிள்ளையானால் அந்தக் காலம் நீளலாம். வேலையை விட்டுக் கலியாணம் கட்டி வெளிநாடு போன பிறகும் கடிதம் வரலாம் என்பதே இதன் பொருள். வேலையை விட்ட பின்னரான காலத்துக்கும் பாதுகாப்பு உண்டா என்று கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வண்டி மோதி நேரும் காயம் இதில் அடங்காது. அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாந்தரப்புக் காப்புறுதி இருக்கிறது. மதுபோதையில் செய்தது, பயிற்சிக்கு வெளியே செய்தது, போர், கலகம் ஆகியவையும் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். 2009 இல் புதுமாத்தளன் கரையில் காயப்பட்டோரைத் தூக்கிச் சிறு வள்ளங்களில் ஏற்றி, கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனவர்களை எமது வாசகர் பலர் கண்ணால் கண்டவர்கள். அப்படியான ஒரு பணிக்குச் சாதாரண பத்திரம் எதுவும் கைகொடுக்காது.

விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்ப விடாதீர்கள். முன்பு ஏதும் முறைப்பாடு வந்திருந்தால் அதை மறைத்தால், பிறகு அதையே காட்டிக் கம்பனி கைகழுவ முடியும்.

இன்னொரு நிபந்தனை எமக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. கம்பனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பத்திரங்களில் எழுதியிருக்கும். இதைப் படித்த ஊழியர்கள் சிலர், இறந்தவரின் தாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். 2024 இல் மன்னாரில் பிரசவத்தோடு தொடர்பான மரணங்களின் பின் மக்கள் வீதியில் இறங்கியதை நாம் அறிவோம். எமது அனுபவத்தில் மக்களின் கோபம் பாதிக்குமேல் எழுவது, என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லாததால். நிபந்தனையைச் சரியாக வாசியுங்கள். 'என் பிழை, நான் பணம் தருகிறேன்' என்று சொல்வதைத்தான் அது தடுக்கிறது. 'அம்மா, நாங்கள் இத்தனை மணிக்கு வந்தோம், இன்னது செய்தோம், காப்பாற்ற முடியவில்லை, எங்களுக்கும் துக்கம்' என்று சொல்வதை எந்தக் காப்புறுதியும் தடுக்கவில்லை. மேலதிகாரியின் அனுமதி வேண்டுமானால் அதைப் பெற்றுக்கொண்டாவது சொல்ல வேண்டும்.

எவர் எடுக்க வேண்டும்?

எமது கருத்தை நேராகச் சொல்கிறோம். அரசிலோ சட்டத்தால் அமைந்த மன்றத்திலோ நிரந்தரமாக வேலை செய்பவர், நிறுவனம் பொறுப்பேற்கும் என்று எழுத்தில் பெற்றிருந்தால், முதல் சம்பளத்தில் தனிப்பட்ட காப்புறுதி எடுக்க ஓட வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் பயிற்சியைப் புதுப்பித்துக்கொள்வது மேல். எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் வேலை செய்பவர், ஓய்வு நாளில் தனியார் வண்டியில் போகிறவர், திருவிழாக் காலங்களில் கூலிக்கு முதலுதவி செய்பவர் ஆகியோர் எடுப்பது நல்லது. வேலைக்கு வெளியே செய்வதற்கு நிறுவனத்தின் பாதுகாப்பு வராது.

ஊர்ச் சங்கங்களின் நிலை வேறு. மாதர் சங்கமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, மீனவர் சங்கமோ ஒரு வானை அல்லது முச்சக்கரவண்டியை நோயாளருக்காக ஓட்டுமானால், காப்புறுதியை எடுக்க வேண்டியது சங்கம். தொண்டு செய்ய வந்த பிள்ளையிடம் 'உன் பாதுகாப்பை நீயே பார்த்துக்கொள்' என்று சொல்வது நீதியாகாது. நோயாளியின் பக்கத்திலும் இதில் நியாயம் இருக்கிறது. ஒன்றுமில்லாத தொண்டர் மீது தீர்ப்புப் பெற்றால் அந்தக் குடும்பத்தின் கையில் மிஞ்சுவது வெறும் காகிதம். சங்கத்தின் வாகனக் காப்புறுதியில் நோயாளரை ஏற்றுவதற்கு இடம் உண்டா, உழவு இயந்திரப் பெட்டியில் ஆள் ஏற்றினால் செல்லுமா என்பதையும் அடுத்த கூட்டத்தில் பத்திரத்தை வைத்து வாசித்துவிடுங்கள். இந்தியாவில் 2019 இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், வீதி விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவும் வழிப்போக்கரை வழக்கில் இருந்து காக்கிறது. அது வழிப்போக்கருக்கானது. வாடகை வாங்கி நோயாளரை ஏற்றும் சங்கம் அங்கே இருந்தாலும் அதன் நிழலில் ஒதுங்க முடியாது.

காப்புறுதிக் கம்பனியோடு பிணக்கு வந்தால் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். வழக்கே வந்துவிட்டால், வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அந்த மகள் வேலை தருபவருக்கு மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பினார். முதல் இரண்டுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று பதில் வந்தது. மூன்றாவதுக்குப் பதில் இல்லை, மறுபடியும் எழுதியிருக்கிறார். முகவரைத் தகப்பனார் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார். நியமனக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், இந்தப் பதில் கடிதம் மூன்றையும் இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று எமது அலுவலகத்தில் இருக்கிறது. மற்றதை, முகாம் முகாமாகக் காணி அனுமதிப்பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டு திரிந்த அதே பொலித்தீன் பைக்குள் தாயார் வைத்துக் கட்டினார்.